உள்ளே கிடக்கும் களஞ்சியத்தைக் கிட் சப்மாட்யூலாக மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு குழுவொன்றில் பணியாற்றுகிறேன். துணி லாட், கட்டிங், தையல், பேக்கிங் என ஒவ்வொரு கட்டத்தின் கணக்கையும் வைத்திருக்கும் மென்பொருள் 'கணக்கு' என்ற கிட் களஞ்சியத்தில் (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் கிட் என்ற கருவி பதிந்து வைக்கும் இடம்) இருக்கிறது. பார்கோடு லேபிள் அச்சிடும் பகுதி வேறு வாடிக்கையாளர்களுக்கும் தேவைப்பட்டதால், அதை 'லேபிள்' என்ற தனிக் களஞ்சியமாக வளர்த்தோம். நாளடைவில் எங்களில் ஒருவர், அநேகமாக நானேதான், 'லேபிள்' களஞ்சியத்தைக் 'கணக்கு' கோப்புறைக்குள்ளேயே குளோன் செய்து (சர்வரிலிருந்து படியெடுத்து), வெளியே நின்றபடி எல்லாவற்றையும் ஆட் செய்து (அடுத்த பதிவுக்குச் சேர்த்து) கமிட் (வரலாற்றில் ஒரு பதிவு) போட்டுவிட்டார். அப்போது கிட் பல வரிகளில் எச்சரித்திருக்கும். அதை யாரும் படிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து, ஈரோட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்த தம்பி தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: "அண்ணா, லேபிள் ஃபோல்டர் வருதுங்க, ஆனா உள்ள ஒண்ணுமே இல்லீங்க."

அந்தச் சிக்கலைத் தீர்த்த முறையையும், அதற்குப் பின் வேறு களஞ்சியங்களில் இதே மாற்றத்தைச் செய்தபோது கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். வெளிக் களஞ்சியம் 'கணக்கு' என்றும், உட்களஞ்சியம் 'லேபிள்' என்றும் கட்டுரை முழுவதும் கொள்க.

வெளிக் களஞ்சியம் எதைப் பதிவு செய்கிறது

திருப்பூரில் துணி ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும். காம்பாக்டிங் வேறிடத்தில் நடக்கும். தாய் நிறுவனத்தின் கோப்பில் இருப்பது துணியன்று, டெலிவரி சலான். அதில் எந்த லாட் என்ற எண்ணும், எந்தப் பட்டறையில் இருக்கிறது என்ற முகவரியும் இருக்கும். சப்மாட்யூலும், அதாவது ஒரு களஞ்சியத்துக்குள் வைத்துப் பயன்படுத்தும் வேறொரு தனிக் களஞ்சியமும், அப்படிப்பட்டதே. 'கணக்கு' களஞ்சியம் 'லேபிள்' கோப்புகளில் ஒன்றைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. 'லேபிள்' எந்தக் கமிட்டில் நிற்க வேண்டும் என்ற 40 எழுத்து ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்கான கோப்புப் பட்டியல்) 160000 என்ற வகை எண்ணோடு குறித்துக்கொள்கிறது. சாதாரணக் கோப்புக்கு இவ்வெண் 100644 ஆக இருக்கும். இந்தப் பதிவுக்குக் கிட்லிங்க் என்று பெயர். முகவரி மட்டும் .கிட்மாட்யூல்ஸ் என்ற தனிக் கோப்பில், சாதாரண எழுத்தாக எழுதப்படுகிறது.

எங்களுக்கு நேர்ந்தது என்னவென்றால், லாட் எண் இருந்தது, முகவரி இல்லை. உள்ளே .கிட் கோப்புறை உள்ள ஒரு கோப்புறையை வெளியிலிருந்து ஆட் செய்தால், கிட் கிட்லிங்க்கை மட்டும் எழுதிவிட்டு எச்சரிக்கையோடு நின்றுவிடும். இந்த எச்சரிக்கையும் 2017ஆம் ஆண்டில் வெளியான 2.14 பதிப்பில்தான் வந்தது. குளோன் செய்பவருடைய கணினிக்கு எண் கிடைக்கும், எங்கே போய் எடுப்பது என்று தெரியாது, ஆகவே காலிக் கோப்புறை. அவர் சப்மாட்யூல் அப்டேட் கட்டளையைத் தட்டினால், இந்தப் பாதைக்கு .கிட்மாட்யூல்ஸ் கோப்பில் முகவரி ஏதும் இல்லை என்று பிழைச்செய்தி வரும். செய்தவருடைய கணினியிலோ கோப்புகள் எல்லாம் கண்ணெதிரே இருப்பதால் அவருக்கு எந்தக் குறையும் தெரியாது. இந்தக் கோளாறு மாதக்கணக்கில் மறைந்திருப்பதற்குக் காரணம் அதுவே.

உங்கள் நிலை எது என்று முதலில் அறிக

உட்களஞ்சியங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரியாவிட்டால், வெளிக் களஞ்சியத்தின் வேரில் நின்று தேடலாம்:

    ஃபைண்ட் . -நேம் .கிட்

பிறகு, வெளிக் களஞ்சியம் 'லேபிள்' கோப்புறையை எப்படிப் பார்க்கிறது என்று கேளுங்கள்:

    கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஸ்டேஜ் லேபிள்

விடை மூன்று விதமாக வரலாம். ஒன்றுமே வராவிட்டால், வெளிக் களஞ்சியம் அக்கோப்புறையைப் பதிவு செய்யவில்லை. பெரும்பாலும் யாராவது அதை .கிட்இக்னோர் (கிட் கவனிக்க வேண்டாதவற்றின் பட்டியல்) கோப்பில் எழுதி ஒதுக்கியிருப்பார்கள். 160000 என்று தொடங்கும் ஒரே ஒரு வரி வந்தால், எங்களுடையதைப் போன்ற முகவரியற்ற கிட்லிங்க். 100644 என்று தொடங்கும் பல வரிகள் வந்தால், உட்கோப்புகளையே வெளிக் களஞ்சியம் சாதாரணக் கோப்புகளாக வைத்திருக்கிறது. முதலில் கோப்புகளைப் பதிவு செய்துவிட்டு, பின்னர் ஒருநாள் அந்தக் கோப்புறைக்குள் கிட் இனிட் செய்தவர்களுக்கு (புதிய களஞ்சியம் தொடங்கியவர்களுக்கு) இப்படி வரும். மூன்றாவது நிலைதான் கவனம் மிகுதியாக வேண்டிய நிலை.

தொடங்குமுன் உட்களஞ்சியத்தைச் சோதித்தல்

இப்பகுதியைத் தாண்டிச் செல்ல விரும்புவோர் பலர் இருப்பார்கள். எனக்குத் தெரிந்து, மாற்றத்தில் தொலைந்துபோன வேலைகள் பெரும்பாலும் இங்கேதான் தொலைந்தன. முதலில் 'கணக்கு' கோப்புறை முழுவதையும், மறைந்திருக்கும் .கிட் கோப்புறைகள் உட்பட, வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். பிறகு 'லேபிள்' கோப்புறைக்குள் சென்று கீழ்க்காணும் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, விடையைப் படியுங்கள்:

    கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்டு
    கிட் ஸ்டாஷ் லிஸ்ட்
    கிட் ரிமோட் -வி
    கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ்
    கிட் ஒர்க்ட்ரீ லிஸ்ட்

கடைசிக்கு முந்தைய கட்டளை, எந்தக் கிளையிலாவது (கமிட்களின் தனித் தொடர்) கமிட் செய்யப்பட்டு இன்னும் சர்வருக்குப் புஷ் செய்யப்படாதவற்றை (அனுப்பப்படாதவற்றை) காட்டும். அது காலியாக வரும் வரை மேற்கொண்டு செல்ல வேண்டாம். வெளிக் களஞ்சியத்தில் எழுதப்போகும் ஹாஷ் சர்வரில் இல்லாத ஒரு கமிட்டைச் சுட்டினால், சலானில் லாட் எண்ணை எழுதிக் கொடுத்து வண்டியை அனுப்பிய பிறகு, அப்படியொரு லாட் தன்னிடம் வரவேயில்லை என்று பட்டறைக்காரர் கைவிரிப்பதைப் போலாகும். உட்களஞ்சியத்துக்கு ரிமோட்டே (சர்வரில் உள்ள இணைக் களஞ்சியத்தின் முகவரி) இல்லையென்றால், இப்போதே சர்வரில் வெற்றுக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, எல்லாக் கிளைகளையும் டேகுகளையும் (கமிட்களுக்கு இட்ட பெயர்கள்) புஷ் செய்துவிடுங்கள். ஒரு கமிட்கூட இல்லாத உட்களஞ்சியத்தைக் கிட் ஏற்காது. சுட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதல் கட்டளையில் --இக்னோர்டு என்று சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. மேற்சொன்ன மூன்றாவது நிலையில், வெளிக் களஞ்சியம் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு கோப்பை உட்களஞ்சியத்தின் .கிட்இக்னோர் ஒதுக்கி வைத்திருக்கக்கூடும். எங்களிடம் அச்சுப்பொறி அமைப்புக் கோப்பு ஒன்று அப்படி இருந்தது. வெளிக் களஞ்சியம் அதைக் கைவிட்டதும், உட்களஞ்சியமும் அதை எடுத்துக்கொள்ளாததால், என் கணினியில் மட்டும் அது கிடந்தது. மற்ற அனைவரிடமும் அடுத்த புல் (சர்வரிலிருந்து புதியவற்றை எடுத்தல்) செய்தபோது மறைந்துவிட்டது. லேபிள் அளவு மாறி அச்சாகத் தொடங்கிய பிறகுதான் கண்டுபிடித்தோம். எல்எஸ்-ஃபைல்ஸ் காட்டிய பட்டியலையும், ஸ்டேட்டஸ் காட்டிய ஒதுக்கப்பட்டவற்றின் பட்டியலையும் ஒப்பிட்டு, தேவையான கோப்பு எதுவும் நடுவில் விழவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒர்க்ட்ரீ (ஒரு களஞ்சியத்தின் கோப்புகளை விரித்து வைத்திருக்கும் கோப்புறை) பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால், கூடுதலானவற்றை நீக்குங்கள். பின்னால் வரும் ஒரு கட்டளை, பல ஒர்க்ட்ரீகள் உள்ள களஞ்சியத்தை நகர்த்த மறுக்கும்.

வெளிக் களஞ்சியத்தில் மற்றவர்கள் இன்னும் இணைக்காத கிளைகளை வைத்திருந்து, அவற்றில் 'லேபிள்' கோப்புகளைத் திருத்தியிருந்தால், அவற்றை முதலில் இணைத்து முடிப்பது நலம். கோப்புறை ஒன்று கிட்லிங்க்காக மாறிய பிறகு, அதே இடத்தில் சாதாரணக் கோப்புகளைத் திருத்திய கிளையை இணைப்பது பெரும் தலைவலி. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லோரையும் புஷ் செய்யச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் நான் மாற்றத்தைச் செய்வேன்.

பழைய பதிவை நீக்குதல்

முதல் நிலையில் இருப்பவர்கள், .கிட்இக்னோர் கோப்பிலிருந்து 'லேபிள்' வரியை எடுத்துவிட்டால் போதும். அதை எடுக்காமல் அடுத்த படிக்குச் சென்றால் கிட் மறுக்கும்; --ஃபோர்ஸ் சேர்த்துக் கட்டாயப்படுத்தலாம் என்றாலும், ஒதுக்கப்பட்டதாகவும் பதிவானதாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் பாதை பின்வருவோரைக் குழப்பும்.

இரண்டாவது நிலைக்கு:

    கிட் ஆர்எம் --கேச்டு லேபிள்

மூன்றாவது நிலைக்கு:

    கிட் ஆர்எம் -ஆர் --கேச்டு லேபிள்

--கேச்டு என்ற சொல் இண்டெக்ஸிலிருந்து மட்டும் நீக்கி, வட்டில் உள்ள கோப்புகளைத் தொடாமல் விடும். மூன்றாவது நிலையில் அதை மறந்துவிட்டால் கோப்புகளே அழிந்துவிடும். உட்களஞ்சியத்தில் கமிட் ஆனவற்றை அங்கிருந்து மீட்கலாம், ஆகாதவற்றை வெளிக் களஞ்சியத்தின் முந்தைய கமிட்டிலிருந்தோ படியெடுத்து வைத்ததிலிருந்தோ மீட்க வேண்டியிருக்கும். இந்த நீக்கத்தைத் தனியாகக் கமிட் செய்ய வேண்டாம். நீக்கமும் சேர்ப்பும் ஒரே கமிட்டில் இருந்தால், வரலாற்றில் 'லேபிள்' இல்லாமல் பில்ட் ஆகாத இடைக் கமிட் ஒன்று தங்காது.

சப்மாட்யூலாகச் சேர்த்தல்

வெளிக் களஞ்சியத்தின் வேரில் நின்று:

    கிட் சப்மாட்யூல் ஆட் ../லேபிள்.கிட் லேபிள்

முதலில் வருவது முகவரி, அடுத்தது பாதை. அந்தப் பாதையில் ஏற்கெனவே செல்லத்தக்க களஞ்சியம் இருப்பதைக் கண்டு, கிட் மறுபடி குளோன் செய்யாமல், இருப்பதையே இண்டெக்ஸில் சேர்ப்பதாகச் சொல்லும். கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் செய்யச் சொல்லும் குறிப்புகளைப் பலரும் பின்பற்றுகிறார்கள். அதில் உள்ளூர்க் கிளைகளும் ஸ்டாஷ்களும் (கமிட் செய்யாமல் ஒதுக்கி வைத்த திருத்தங்கள்) போய்விடும். அப்படிச் செய்யத் தேவையே இல்லை.

முகவரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரு புள்ளிகளோடு தொடங்கும் முகவரி, உங்கள் வட்டில் உள்ள பக்கத்துக் கோப்புறையைக் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிட் அதை வெளிக் களஞ்சியத்தின் ஆரிஜின் என்ற ரிமோட்டை (குளோன் எடுத்த சர்வர் முகவரி) அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகிறது. இரு களஞ்சியங்களும் சர்வரில் ஒரே கணக்கின்கீழ் அருகருகே இருந்தால் இதுவே சிறந்த வழி: எஸ்எஸ்எச் வழியாக எடுப்பவருக்கு எஸ்எஸ்எச் முகவரியும், எச்டிடிபிஎஸ் வழியாக எடுப்பவருக்கு அந்த முகவரியும் தானாக அமையும். வெவ்வேறு இடங்களில் இருந்தால் முழு முகவரியைத் தாருங்கள். ஒற்றைப் புள்ளியோடு, உட்கோப்புறையின் பெயரையே முகவரியாகத் தருவது தவறு. உங்கள் கணினியில் பிழை வராது, மற்ற எல்லோருக்கும் வரும். மேலும், இருப்பதையே சேர்க்கும்போது கிட் நீங்கள் தந்த முகவரியையும் உட்களஞ்சியத்தின் ஆரிஜினையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. இரண்டும் வேறுபட்டால், நீங்கள் ஓரிடத்துக்குப் புஷ் செய்வீர்கள், மற்றவர்கள் வேறிடத்திலிருந்து எடுப்பார்கள். ஆகவே ரிமோட் -வி காட்டியதை ஒருமுறை ஒப்பிட்டு, வேறுபட்டால் கிட் சப்மாட்யூல் சிங்க் என்ற கட்டளையால் சமன் செய்யுங்கள்.

இண்டெக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வந்தால், முந்தைய படியில் நீக்கம் முழுமையாக நடக்கவில்லை என்று பொருள்.

.கிட் கோப்புறையை இடம் மாற்றுதல்

இப்போது சப்மாட்யூல் செயல்படும். எனினும் 'லேபிள்' களஞ்சியத்தின் வரலாறு முழுவதும் இன்னும் லேபிள்/.கிட் என்ற இடத்திலேயே இருக்கிறது. புதிதாகக் குளோன் ஆகும் சப்மாட்யூல்களின் வரலாற்றை, 2011இல் வந்த 1.7.8 பதிப்பு முதல், வெளிக் களஞ்சியத்தின் .கிட்/மாட்யூல்ஸ் என்ற இடத்தில்தான் கிட் வைக்கிறது. உங்களுடையதையும் அங்கே நகர்த்துங்கள்:

    கிட் சப்மாட்யூல் அப்சார்ப்கிட்டிர்ஸ் லேபிள்

இக்கட்டளை 2017 தொடக்கத்தில் 2.12 பதிப்பில் சேர்ந்தது. நகர்த்திய பிறகு, லேபிள்/.கிட் ஒரு கோப்புறையாக இராமல், வரலாறு இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒற்றை வரிக் கோப்பாகிவிடும். பயன் என்னவென்றால், யாராவது 'லேபிள்' கோப்புறையைத் தவறுதலாக அழித்தாலும் கமிட்களும் ஸ்டாஷ்களும் பத்திரமாக இருக்கும். சப்மாட்யூல் அப்டேட் செய்தால் கோப்புகள் திரும்பி வரும்.

கமிட், புஷ், அதன் பிறகான சோதனை

கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள். முதல் நிலையில் .கிட்மாட்யூல்ஸ், லேபிள் என இரு புதிய பதிவுகளும், திருத்திய .கிட்இக்னோரும் தெரியும், கடைசியில் சொன்னதை நீங்களே ஆட் செய்ய வேண்டும். இரண்டாவது நிலையில், பழைய ஹாஷும் இப்போதைய ஹாஷும் ஒன்றாகவே இருந்தால், .கிட்மாட்யூல்ஸ் மட்டும் புதியதாகத் தெரியும். லேபிள் காணவில்லையே என்று திகைக்க வேண்டாம். மூன்றாவது நிலையில் நீக்கப்பட்ட கோப்புகளின் நீண்ட பட்டியலும் சேர்ந்து வரும். கமிட் செய்து, இப்படிப் புஷ் செய்யுங்கள்:

    கிட் புஷ் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்=செக்

உட்களஞ்சியத்தின் கமிட் சர்வரில் இல்லாவிட்டால் இந்தப் புஷ் தானாகவே நின்றுவிடும். இதை ஒவ்வொரு முறையும் தட்டச் சோம்பல் வரும் என்பதால், புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் என்ற அமைப்பில் செக் என்று நிலையாக எழுதிவைத்துக்கொள்வதே நல்லது.

சோதனையை உங்கள் கோப்புறையில் செய்யாதீர்கள். அங்கே எல்லாம் எப்போதும் சரியாகவே தெரியும். வேறொரு காலிக் கோப்புறைக்குச் சென்று, சர்வரிலிருந்து புதிதாக எடுங்கள்:

    கிட் குளோன் --ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ் <சர்வர் முகவரி>
    கிட் சப்மாட்யூல் ஸ்டேட்டஸ்

இரண்டாவது கட்டளையைக் குளோன் ஆன கோப்புறைக்குள் நின்று தட்டுங்கள். ஹாஷுக்கு முன் குறி எதுவும் இல்லாவிட்டால் எல்லாம் சரி. கழித்தல் குறி இருந்தால் சப்மாட்யூல் இன்னும் எடுக்கப்படவில்லை. கூட்டல் குறி இருந்தால், பதிவான கமிட் ஒன்று, நிற்கும் கமிட் வேறு. சர்வருக்குப் பதிலாக வட்டில் உள்ள பாதையிலிருந்து சோதித்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2022 அக்டோபரில் வெளியான 2.38.1 பதிப்பிலிருந்து, பாதுகாப்புக் காரணத்தால், சப்மாட்யூல்களை உள்ளூர்ப் பாதையிலிருந்து குளோன் செய்வது இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே வரும் பிழை உங்கள் மாற்றத்தின் பிழை அன்று.

உடன் பணிபுரிவோர் செய்ய வேண்டியது

அவர்களிடம் பழைய 'லேபிள்' கோப்புறை ஏதோ ஒரு வடிவில் இருக்கும். முதலிரு நிலைகளில், அதிலுள்ள வேலையை 'லேபிள்' சர்வருக்குப் புஷ் செய்துவிட்டு, கோப்புறையின் பெயரை மாற்றி வெளியே ஒதுக்கி வைத்துவிட்டுப் புல் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது நிலையில் முதலில் புல் செய்து, அதன் பிறகும் எஞ்சிக் கிடக்கும் பில்ட் கோப்புகளோடு கூடிய கோப்புறையை ஒதுக்க வேண்டும். காலியாக இல்லாத இடத்தில் கிட் குளோன் செய்யாது. அதன் பிறகு எல்லோருக்கும் பொதுவான கட்டளை:

    கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ்

மாற்றத்தைச் செய்தவர் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாடு இங்கே எழுகிறது. அவருடைய உட்களஞ்சியம் முன்பு நின்ற கிளையிலேயே தொடர்ந்து நிற்கிறது. மேற்கண்ட கட்டளையால் எடுத்தவர்களுக்கோ, 'லேபிள்' எந்தக் கிளையிலும் இல்லாமல், குறிப்பிட்ட கமிட்டில் தனித்து நிற்கும். டிடாச்டு ஹெட் என்பது இதுவே. அந்நிலையில் அவர்கள் திருத்திக் கமிட் செய்தால் அந்தக் கமிட் எந்தக் கிளையிலும் சேராது. அடுத்த அப்டேட்டில் கண்ணிலிருந்து மறைந்துவிடும், ரெஃப்லாக்கில் (முன்பு நின்ற கமிட்களின் குறிப்பேடு) தேடித்தான் மீட்க வேண்டியிருக்கும். 'லேபிள்' கோப்புகளைத் திருத்துமுன் உள்ளே சென்று கிட் ஸ்விட்ச் மெயின் என்று தட்டுவதை வழக்கமாக்குங்கள். திருத்திய பின் வரிசை எப்போதும் ஒன்றே: உள்ளே கமிட், உள்ளே புஷ், பிறகு வெளியே 'லேபிள்' பாதையை ஆட் செய்து கமிட், வெளியே புஷ்.

கிளை மாறும்போதும் புல் செய்யும்போதும் சப்மாட்யூல் தானாக உடன் நகர வேண்டுமானால், சப்மாட்யூல்.ரிகர்ஸ் என்ற அமைப்பை ட்ரூ என்று வைக்கலாம். குளோன் செய்வதற்கு மட்டும் அது பொருந்தாது. மூன்றாவது நிலையிலிருந்து வந்தவர்கள் மாற்றத்துக்கு முந்தைய கிளைக்குப் போக முயன்றால், பதிவாகாத கோப்புகள் அழிக்கப்படும் என்று கிட் தடுக்கக்கூடும்; அத்தகைய பழைய கிளைகளைத் தனி ஒர்க்ட்ரீயில் திறந்து பார்ப்பதே எளிது.

பில்ட் சர்வர் (மென்பொருளைத் தானாகத் தொகுக்கும் கணினி) வைத்திருப்போர், அதன் செக்அவுட் அமைப்பில் சப்மாட்யூல்களையும் எடுக்கச் சொல்ல வேண்டும். 'லேபிள்' தனியார் களஞ்சியமாக இருந்தால், அதைப் படிக்கும் உரிமையுள்ள சாவியும் அந்தச் சர்வருக்குத் தேவை. கிட்ஹப் தரும் ஜிப் கோப்பில் சப்மாட்யூலின் உள்ளடக்கம் வராது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஆலையில் இணைய வசதி போதாமல் ஜிப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று நிறுவும் வழக்கம் இருந்தது. இப்போது ரிகர்ஸ் குளோன் செய்த கோப்புறையை நாங்களே ஜிப் செய்து கொடுத்தனுப்புகிறோம்.